டோரதிக்கு என்ன வயசு?

ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி அமெரிக்க நாணய வரலாறு பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். அதில், ஓஸ் தேசத்து மாயாவியின் கதை தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடந்த சண்டையின் உருவகம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். மஞ்சள் செங்கல் பாதை தங்கம். டோரதியின் செருப்பு வெள்ளி நாணயம். சோளக்கொல்லை பொம்மை விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி, கோழைச் சிங்கம் அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். படிச்சவங்க ரெண்டு மூணு பேர் "அட!" என்றார்கள். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. உண்மையைச் சொன்னால், அப்போது நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. படம் பார்த்திருந்தேன், படத்தைப் பற்றியும் உருவகத்தைப் பற்றியும் நாலு கட்டுரை படித்திருந்தேன். அவ்வளவுதான் என் மூலதனம்.

இந்த மழைக்காலத்தில்தான் உட்கார்ந்து புத்தகத்தை முழுசாகப் படித்தேன். படித்து முடித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. எனக்குத் தெரிந்த டோரதி இதில் இல்லையே? எனக்குத் தெரிந்தவள் பதினாறு வயசுப் பெண். இரட்டைப் பின்னல், நீலக் கட்டம் போட்ட உடை, வானவில்லைப் பார்த்து ஏக்கமாய்ப் பாடுகிறவள். புத்தகத்தில் இருப்பது சின்னக் குழந்தை. வயசு எங்கேயும் சொல்லப்படவில்லை. ஆனால் டென்ஸ்லோ வரைந்த படங்களில் தகர மனிதனின் இடுப்பளவு இருந்தால் அதிகம். அவள் பாடுவதும் இல்லை, ஏங்குவதும் இல்லை. ஊருக்குப் போகணும், அதுக்கு வழி கேட்கணும், வழியில் ரொட்டி தீர்ந்து போகாமல் பார்த்துக்கணும். அவள் கவலை இதுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கேன்சஸ் மாநிலத்துச் சமவெளியில் எம் அத்தை, ஹென்றி மாமாவோடு வாழும் அநாதைப் பெண் டோரதி. சூறாவளி வீட்டையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய் ஓஸ் என்ற வேறொரு உலகத்தில் இறக்குகிறது. இறங்கின இடத்தில் ஒரு கெட்ட சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவள் செருப்பு டோரதிக்கு வருகிறது. திரும்பிப் போக வழி கேட்டு மரகத நகரத்துக்கு நடக்கிறாள். வழியில் மூன்று பேர் சேர்ந்துகொள்கிறார்கள். பொம்மைக்கு மூளை வேண்டும், தகர மனிதனுக்கு இதயம் வேண்டும், சிங்கத்துக்குத் தைரியம் வேண்டும். மாயாவி என்று எல்லோரும் பயப்படும் ஆள் கடைசியில் ஒமாஹா ஊரிலிருந்து பலூனில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு வித்தைக்காரன்.

எழுதியவர் எல். ஃபிராங்க் பாம். 1856-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். புத்தகம் வெளிவந்தது 1900-இல், சிகாகோவில். அதற்குள் அவருக்கு நாற்பத்து நாலு வயசு, கையில் தோல்விகளின் பட்டியல் பெரிசு. அதில் நமக்கு முக்கியமானது டகோட்டா. 1888-இல் மனைவி மாட், பிள்ளைகளோடு டகோட்டா பிரதேசத்து அபர்டீன் என்ற ரயில்வே ஊருக்குக் குடிபெயர்ந்து கடை போட்டார். பீங்கான், காகித விளக்கு, பொம்மை, மிட்டாய் என்று ஃபேன்ஸி ஸ்டோர். மழை பொய்த்தது, கோதுமை காய்ந்தது, விவசாயி கையில் காசில்லை. பாம் கடன் கொடுத்துக்கொண்டே போனார். 1890 ஆரம்பத்தில் கடை மூடப்பட்டது. பிறகு ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து நடத்தினார். அதுவும் 1891-இல் போனது. சிகாகோ போய் ஊர் ஊராகப் பீங்கான் விற்கும் விற்பனையாளர் ஆனார்.

புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் கேன்சஸ் முழுக்கச் சாம்பல் நிறம். நிலம், புல், வீட்டுச் சுவர், எம் அத்தையின் கண், கன்னம் எல்லாம் சாம்பல். வந்தபோது அழகான இளம் மனைவியாக இருந்தவளை வெயிலும் காற்றும் உறிஞ்சி எடுத்துவிட்டன என்று எழுதுகிறார். குழந்தை சிரித்தால் அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுமாம். பாம் கேன்சஸில் குடியிருந்ததே இல்லை. இது அவர் டகோட்டாவில் பார்த்தது. மாட்டின் அக்கா ஒருவரும் அங்கேதான் நிலம் எடுத்துக் குடியிருந்தார். அந்தத் தனிமையை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தனிமைக்குச் சட்டமும் ஒரு காரணம். 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும், ஆனால் அந்த நிலத்திலேயே ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்திருக்க வேண்டும். ஆகவே வீடுகள் ஊராகக் கூடி நிற்காது. ஒவ்வொன்றும் தன் நிலத்து நடுவில் ஒத்தையாய் நிற்கும். பக்கத்து வீடு என்றால் தூரத்தில் ஒரு புள்ளி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த நிலம் காலியாக இருந்து இவர்கள் வந்தவர்கள் இல்லை. லகோட்டா மக்களின் நிலம் அது. 1890 டிசம்பரில் அவர்கள் தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்டார். அதே மாதம் 29-ஆம் தேதி ஊண்டட் நீ படுகொலை. இரண்டு முறையும் பாம் தன் பத்திரிகையில் தலையங்கம் எழுதினார், மிச்சமிருக்கும் பூர்வகுடிகளையும் அழித்துவிட வேண்டும் என்று. நாசூக்காக இல்லை, நேராகவே. குழந்தைகளுக்காக இத்தனை அன்பான உலகத்தைக் கட்டிய அதே கை. இத்தனைக்கும் அவர் மாமியார் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர், பூர்வகுடிகளின் உரிமைக்காக எழுதியவர், 1893-இல் மோஹாக் இனத்தார் தங்கள் ஓநாய்க் குலத்தில் சேர்த்துக்கொண்ட பெண்மணி. கதை எழுதச் சொல்லி மருமகனைத் தூண்டியவரும் அவர்தான். பாமின் வம்சாவளியினர் 2006-இல் அந்தத் தலையங்கங்களுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு இதை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியவில்லை. ஓஸ் கதையைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

கேஜ் 1893-இல் எழுதிய ஒரு நூலில், சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டவர்களில் பலர் உண்மையில் அறிவுள்ள பெண்கள் என்று வாதாடினார். பாமின் கதையில் நல்ல சூனியக்காரி என்று ஒருத்தி வருகிறாள், டோரதிக்கே அது ஆச்சரியமாக இருக்கிறது. மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது அது என்பது என் கணிப்பு. 1898 மார்ச்சில் கேஜ் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் மாட்டின் அண்ணன் குழந்தை, ஐந்து மாசப் பெண், இறந்தது. அந்தக் குழந்தையின் பெயர் டோரதி. மாட் ரொம்ப உடைந்துபோனார் என்கிறார்கள். கதாநாயகிக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான் என்று பலரும் நம்புகிறார்கள்.

சரி, உருவகத்துக்கு வருவோம், என் தப்பையும் முடித்துவிடலாம்.

தங்கம்-வெள்ளி விளக்கத்தை முதலில் விரிவாக எழுதியவர் ஹென்றி லிட்டில்ஃபீல்ட், 1964-இல். பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியர். 1890-களின் அமெரிக்க அரசியலைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தவர், இந்தக் கதையைக் கையில் எடுத்தார். பாடம் நடத்த அருமையான உத்தி. அது கட்டுரையாகி, கட்டுரை பொருளாதாரப் பாடப்புத்தகங்களுக்குள் போய், கடைசியில் "பாம் இதற்காகத்தான் எழுதினார்" என்று ஆகிவிட்டது. பாம் பிரையன் கட்சி ஆளே இல்லை. 1896 தேர்தலில் எதிராளி மெக்கின்லியை ஆதரித்துப் பத்திரிகையில் செய்யுள் எழுதியவர். லிட்டில்ஃபீல்டே 1992-இல், பாமை அந்த இயக்கத்து ஆதரவாளராகக் கருத ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். என் குறிப்பு அதற்கும் பல வருஷம் பிந்தியது. ஆக, நான் எழுதும்போதே அது காலாவதியான சரக்கு.

ஆனால் புத்தகத்தில் பணம் இருக்கிறது. சங்கேதமாக இல்லை, வெளிப்படையாகவே. கடைசி அத்தியாயங்களில் ஒன்றில் டோரதி தெற்கத்திய நல்ல சூனியக்காரி கிளிண்டாவிடம் போய் நிற்கிறாள். ஏன் ஊருக்குப் போகணும் என்பதற்கு அவள் சொல்லும் காரணத்தை நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அத்தை துக்க உடை எடுப்பாள். போன வருஷத்தைவிட விளைச்சல் நல்லா இல்லைன்னா, துக்கத்துணிக்கு மாமா கையில் காசிருக்காது. இதுதான் காரணம். வேறொரு உலகத்தில் மாட்டிக்கொண்ட குழந்தை, தன் சாவுக்கு ஆகும் செலவை நினைத்துக் கவலைப்படுகிறது. வீட்டைப் போல வருமா என்ற உருக்கமெல்லாம் இல்லை. கடன்பட்ட வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு சீக்கிரமே வந்துவிடும்.

கிளிண்டா சொல்கிறாள்: உன் காலில் கிடக்கும் வெள்ளிச் செருப்பே உன்னைக் கொண்டுபோய் விட்டிருக்கும். தெரிந்திருந்தால் வந்த அன்றைக்கே போயிருக்கலாம். உடனே கூட வந்தவர்கள் ஒவ்வொருவராய் வாயைத் திறக்கிறார்கள். அப்படி நீ போயிருந்தால் எனக்கு மூளை கிடைத்திருக்காதே, இதயம் கிடைத்திருக்காதே, தைரியம் கிடைத்திருக்காதே. நியாயம்தான். ஆனால் கணக்குப் பாருங்க. பொம்மைக்கு மரகத நகரத்து ஆட்சி, தகர மனிதனுக்கு மேற்கு நாட்டு ஆட்சி, சிங்கத்துக்குக் காடு. ஆளுக்கொரு ராஜ்யம். டோரதிக்கு, முதல் நாளே காலில் இருந்த செருப்பு. நல்ல நண்பர்கள், உயிரைக் கொடுக்கும் நண்பர்கள். இருந்தும் அவள் அலைந்த அலைச்சலில் அத்தனை பேரும் லாபம் பார்த்தார்கள், அவளைத் தவிர. அவள் அதற்குக் கோபப்படவில்லை. பிரயோஜனமாய் இருந்தேனே, சந்தோஷம் என்கிறாள்.

செருப்பு அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. பாலைவனத்துக்கு மேலே போகும்போதே கழன்று விழுந்து தொலைந்துபோகிறது. புல் தரையில் உருண்டு எழுந்து பார்த்தால் காலில் வெறும் காலுறை. எதிரே ஹென்றி மாமா கட்டிய புது வீடு. பழைய வீட்டைத்தான் சூறாவளி கொண்டுபோய்விட்டதே. அதாவது புத்தகத்தில் இது கனவு இல்லை. வீடு நிஜமாகவே போனது, குழந்தை நிஜமாகவே போய் வந்தது.

அந்தப் புது வீட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இப்போது டோரதி வளர்ந்த கதை. 1902-இல் சிகாகோவில் இது இசை நாடகமாக மேடையேறியது, மறு வருஷம் நியூயார்க் போனது, சக்கைப்போடு போட்டது. மேடையில் குழந்தையை வைத்து மூன்று மணி நேரம் ஓட்ட முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ, டோரதியைப் பருவப் பெண் ஆக்கினார்கள். அவளுக்கு ஒரு காதலனும் வந்தான். டோட்டோ என்ற நாய்க்குட்டியை எடுத்துவிட்டு ஒரு பசுமாட்டைக் கொண்டுவந்தார்கள், ஆள் உள்ளே புகுந்து ஆடும் மாடு. கேல் என்ற குடும்பப் பெயரும் இங்கேதான் வந்தது. கேல் என்றால் சூறைக்காற்று. அதை வைத்து ஒரு சிலேடை ஜோக். ஆனால் நாடகத்தின் நட்சத்திரங்கள் டோரதி இல்லை. தகர மனிதனாக நடித்த டேவிட் மாண்ட்கோமரியும் பொம்மையாக நடித்த ஃபிரெட் ஸ்டோனும்தான். கூட வந்தவர்கள் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1925-இல் ஒரு மௌனப்படம் வந்தது. அதில் டோரதிக்குப் பதினெட்டு வயசு நிரம்புகிறது, அவள் ஓஸ் நாட்டு இளவரசி என்று தெரியவருகிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிறகு எம்.ஜி.எம். 1938 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியபோது ஜூடி கார்லண்டுக்குப் பதினாறு வயசு. நிஜப் பெயர் பிரான்சிஸ் கம். மினசோட்டா மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் என்ற சின்ன ஊரில், சினிமா கொட்டகை நடத்தினவரின் மகள். மூணு வயசுகூட ஆகாதபோது மேடை ஏறியவர். 1935-இல் பதின்மூன்று வயசில் எம்.ஜி.எம்.மில் ஒப்பந்தம். அதே வருஷம் நவம்பரில் அப்பா இறந்துபோனார். ஆக, இந்தப் படத்தில் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொண்ட பெண் என்று நான் யாரைச் சொல்வது?

பதினாறு வயசுப் பெண்ணை எடுத்துவிட்டு, அவளைச் சின்னப் பிள்ளையாய்க் காட்டப் பாடுபட்டார்கள். மார்பைத் தட்டையாக்க இறுக்கிக் கட்டும் உள்ளுடை. முதலில் பொன்னிற விக்கும் பொம்மை மாதிரி மேக்கப்பும். முதல் இயக்குநர் ரிச்சர்ட் தார்ப்பை இரண்டு வாரம் போல வைத்திருந்துவிட்டுத் தூக்கினார்கள். இடையில் சில நாள் வந்துபோன ஜார்ஜ் குக்கர் ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. ஆனால் அந்த விக்கையும் மேக்கப்பையும் கழற்றிப் போடச் சொல்லி, நீ கேன்சஸ் பெண், அப்படியே இரு என்றார். படத்துக்கு யாராவது ஒருவருக்கு நன்றி சொல்லணும் என்றால் நான் இவருக்குச் சொல்வேன். பிறகு விக்டர் ஃபிளெமிங் வந்து பெரும்பகுதியை எடுத்தார். அவரை 'கான் வித் த விண்ட்' படத்துக்கு இழுத்துக்கொண்டதும், மிச்சமிருந்த கேன்சஸ் காட்சிகளைக் கிங் விடோர் எடுத்தார். வானவில் பாட்டு அப்போது எடுத்ததுதான். எடுத்த பிறகு, வேகத்தைக் குறைக்கிறது என்று அந்தப் பாட்டையே வெட்டப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை.

கூட வந்தவர்கள் மூவரும் வாட்வில் மேடையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ரே போல்ஜருக்கு முதலில் கொடுத்தது தகர மனிதன் வேஷம். அவர் அடம்பிடித்துப் பொம்மை வேஷத்தை வாங்கினார். பொம்மையாக வரவேண்டிய பட்டி எப்சன் தகர மனிதன் ஆனார். முகத்தில் அப்பிய அலுமினியப் பொடி நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் இடத்துக்கு ஜேக் ஹேலி வந்தார், பொடியைப் பசையாக்கிப் பூசினார்கள். பெர்ட் லாரின் சிங்க வேஷம் நிஜச் சிங்கத்தோல், நாற்பது கிலோ பக்கம் கனம், விளக்குச் சூட்டில் வெந்துபோவார். கெட்ட சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டன் நெருப்புப் புகையில் மறையும் காட்சியில், டிசம்பர் 23 அன்று, முகமும் கையும் வெந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தார். யாருக்குமே சுகமான பயணம் இல்லை.

ஜூடி பிற்காலத்தில் தொலைக்காட்சியில் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. மஞ்சள் பாதையில் நாலு பேரும் கைகோத்து ஆடிக்கொண்டு வர வேண்டும். மூன்று பெரியவர்களும் தோளோடு தோள் சேர்ந்து முன்னே போய்விடுவார்களாம், இவர் பின்னால் மறைந்துபோவாராம். கிரேன் மேலே உட்கார்ந்திருந்த ஃபிளெமிங், அந்தப் பிள்ளைக்கு இடம் விடுங்கய்யா என்று மூவரையும் திட்டினாராம். வேஷப் பசியில் செய்ததுதான், வஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலும் அதே கதையைச் சொல்கிறது. போல்ஜருக்கும் ஹேலிக்கும் வாரம் 3,000 டாலர். ஜூடிக்கு 500. டோட்டோவாக நடித்த நாய்க்கு 125.

பதினெட்டுக்குக் கீழ் என்பதால் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, செட்டிலேயே பாடமும் படிக்கணும். வரம்புக்கு வெளியே நடந்ததைத்தான் அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். எடை கூடாமல் இருக்கவும் விழித்திருக்கவும் ஒரு மாத்திரை, தூங்குவதற்கு வேறொரு மாத்திரை, எல்லாம் ஸ்டூடியோ கொடுத்தது. அந்த மாத்திரைகளிலிருந்து அவர் கடைசிவரை வெளியே வரவில்லை. 1969 ஜூனில் லண்டனில், நாற்பத்தேழு வயசில், தூக்க மாத்திரை அளவு மீறி இறந்தார். தங்களை விட்டுவிட்டு அவள் ஊருக்குப் போகிறாளே என்று படத்தில் அழுகிற அந்த மூன்று பேரில் போல்ஜரும் ஹேலியும் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார்கள்.

படம் கதையில் செய்த பெரிய மாற்றம் செருப்பின் நிறம் என்று எல்லோரும் சொல்வார்கள். டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியணும் என்று வெள்ளி போய் மாணிக்கச் சிவப்பு வந்தது. எனக்கு அது பெரிசாகத் தெரியவில்லை. முடிவை மாற்றினார்கள், அதுதான் பெரிசு. படத்தில் டோரதி கட்டிலில் கண் விழிக்கிறாள், தலையில் கட்டு. ஓஸ் மொத்தமும் கனவு. பண்ணை ஆட்களைத்தான் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் கனவில் பார்த்திருக்கிறாள். நான் போன இடம் நிஜம் என்கிறாள், சுற்றி நிற்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டைப் போல வேறு இடம் இல்லை என்று சொல்ல வைத்து முடிக்கிறார்கள். புத்தகத்துக் குழந்தையை யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. அத்தை கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கேடி போய் வந்தே என்கிறாள். ஓஸ் தேசத்திலிருந்து என்கிறது குழந்தை. அவ்வளவுதான். வயசு ஏற ஏற அவள் பேச்சை நம்புவது குறைந்திருக்கிறது. 1939-இல், பத்து வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் நிஜமாகவே வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஸ்டூடியோ அந்த முடிவை ஏன் விரும்பியது என்பது புரியாத விஷயம் இல்லை.

இப்போது அந்தப் புது வீடு.

பாம் முதல் புத்தகத்தோடு நிறுத்தவில்லை. ஓஸ் பற்றிப் பதினாலு நாவல் எழுதினார். ஆறாவது, 1910-இல் வந்த 'ஓஸின் மரகத நகரம்'. முதல் சில பக்கங்களிலேயே விஷயத்தை உடைக்கிறார். சூறாவளி வீட்டைக் கொண்டுபோனதால் ஹென்றி மாமா வேறு வீடு கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லை, பண்ணையை அடமானம் வைத்தார். பிறகு உடம்புக்கு முடியாமல் போனது. விளைச்சல் இல்லை, வட்டிக்கு மேல் வட்டி. இப்போது பாங்கிக்காரன் பண்ணையை எடுத்துக்கொள்ளப் போகிறான். முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், குழந்தை திரும்பி வந்த சந்தோஷத்தில் நாம் பார்த்த அந்தப் புது வீடு, கடன் வாங்கிக் கட்டினது. பத்து வருஷம் கழித்து அந்தக் கணக்கை எடுத்து முடிக்கிறார் மனுஷன்.

டோரதி என்ன செய்கிறாள்? ஓஸ் நாட்டு அரசி ஓஸ்மாவிடம் பேசி, அத்தையையும் மாமாவையும் அங்கேயே அழைத்துக்கொண்டுவிடுகிறாள். வீட்டைப் போல இடம் இல்லை என்ற கதாநாயகி, மூலத்தில் வீட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பிப் போனவள். பெரியவர்களையும் அவள்தான் கரை சேர்த்தாள். எம் அத்தைக்குப் பட்டுத்துணியும் பணிப்பெண்களும் ஒரே கூச்சம். உழைத்தே பழகின கை, சும்மா உட்கார முடியவில்லை. அந்தப் பகுதியைப் படிக்கும்போது சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

அந்தப் புத்தகத்தோடு ஓஸ் வரிசையை முடித்துவிடத்தான் பாம் நினைத்தார். கடைசியில் அந்தத் தேசத்தை யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்தே விட்டார். அவர் நிலைமை ஹென்றி மாமாவைவிட மேலாக இல்லை. ஊர் ஊராய்ப் படம் காட்டிக் கதை சொன்ன ஒரு முயற்சியில் கடன் கழுத்துவரை ஏறி, 1911-இல் திவால் ஆனார். 1913-இல் மறுபடி ஓஸ் எழுதத் தொடங்கினார், பணத்துக்காகத்தான். 1919-இல் ஹாலிவுட்டில், தன் வீட்டில் இறந்தார். ஜூடி அந்த மஞ்சள் பாதையில் ஆடிய கல்வர் சிட்டி அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

மாணிக்கச் செருப்பு பற்றி ஒரு துணுக்கு. படத்தில் பயன்படுத்தியவற்றில் ஒரு ஜோடி 2005-இல் கிராண்ட் ராபிட்ஸில், ஜூடி பிறந்த ஊரிலேயே, அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனது. 2018-இல் எஃப்.பி.ஐ. மீட்டது. 2024 டிசம்பரில் ஏலம் போன விலை 2.8 கோடி டாலர், கமிஷன் எல்லாம் சேர்த்து 3.25 கோடி. வாரம் 500 டாலர் கணக்கில் அது எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வருகிறது.

பழைய குறிப்பில் உருவகம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். மிச்சம் நாணய விவகாரம், அது சரியாகத்தான் இருக்கிறது. ஆறாவது புத்தகத்தோடு நிற்கிறேன். ஏழாவதை இன்னும் திறக்கவில்லை.